உயிரோடு பிடிக்கும் பிளாஸ்டிக் எலிப்பொறி: ஓடிப்போன ஹாம்ஸ்டருக்காக மண்டபத்து வீட்டில் மூன்று இரவுகள்

எலியைக் கொல்லாமல் உயிரோடு பிடிக்கும் பிளாஸ்டிக் பொறி ஒன்றை, இரண்டு பெட்டிகள் சேர்ந்து 380 ரூபாய்க்கு, இணையக் கடை வழியாக மாசி மாதத்தில் வாங்கினோம். பின்கட்டு அறையில் அடுக்கியிருந்த வலைகளைச் சுண்டெலிகள் கடித்துப் போட்டதால் வாங்கியது அது. ஆனால் அதற்கு உண்மையான வேலை வந்தது மே மாதத்தில், என் மகளின் ஹாம்ஸ்டர் (எலியைப் போன்ற ஒரு சின்னச் செல்லப்பிராணி) கூண்டை விட்டு வெளியேறிய பிறகுதான். ஆகவே எலி பிடிக்க இது எப்படி என்று மட்டும் அறிய வருபவர்களுக்கு இந்த மதிப்புரை பாதியளவே பயன்படும். வீட்டுக்குள் தொலைந்துபோன ஒரு சின்னப் பிராணியை, அதுவும் எங்கள் மண்டபம் போன்ற கடலோர ஊரின் வீட்டில், கோடையில், காயமில்லாமல் திரும்பப் பெற வேண்டியவர்களுக்காகவே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறி பிடித்தது, ஆனால் ஹாம்ஸ்டர் எந்த அறையில் இருக்கிறது என்று நாங்கள் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் பிடித்தது. அந்த முதல் பாதி வேலையைப் பற்றிப் பெட்டியின் அட்டையில் ஒரு சொல்லும் இல்லை.

பொறியின் அமைப்பு எளிமையானது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளமும் நான்கு விரல் அகலமும் கொண்ட, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டி அது. ஒரு முனையில் கழற்றி மாட்டக்கூடிய மூடி இருக்கிறது. தீனியை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். மறுமுனையில் மேலிருந்து கீழே இறங்கும் கதவு. நடுவில் தரையோடு தரையாக ஒரு மிதிபலகை. தீனியைத் தேடிப் போகும் பிராணி அதை மிதித்ததும், கதவைத் தாங்கியிருக்கும் கொக்கி விலகி, கதவு தன் எடையிலேயே விழுந்து கீழேயுள்ள பள்ளத்தில் பொருந்திக்கொள்கிறது. கதவில் ஸ்பிரிங் இல்லை என்பதைத்தான் இதன் தலையாய சிறப்பாகச் சொல்வேன். கடைத்தெருவில் விற்கும் கம்பி எலிக்கூண்டு எங்கள் வீட்டிலும் உண்டு. கருவாட்டுத் துண்டைக் கொக்கியில் குத்தி வைத்தால் தவறாமல் எலி விழும். ஆனால் அதன் கதவு அடித்து மூடும் வேகத்தில் ஒருமுறை என் கட்டைவிரல் நகமே கருத்துப்போனது. ஹாம்ஸ்டரின் பின்னங்கால் எலும்பு அந்த அடியைத் தாங்காது.

மிதிபலகை எவ்வளவு எடைக்கு அசையும் என்பதையும் சோதித்துப் பார்த்தேன். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம் இருக்கும். இரண்டு நாணயங்களை வைத்தபோது கதவு அசையவில்லை. மூன்றாவதை வைத்ததும் விழுந்தது. எங்களுடையது சிரிய இனத்துப் பொன்னிற ஹாம்ஸ்டர், 128 கிராம் எடை, பெயர் பூந்தி. குட்டை இன ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 30 கிராம் அளவுக்கு இருப்பதால் அவற்றுக்கும் இந்தப் பொறி விழும் என்றே கருதுகிறேன்; ஆனால் 20 கிராம் அளவே இருக்கக்கூடிய ரோபோரோவ்ஸ்கி போன்ற மிகச் சிறிய இனத்துக்கு உறுதியாகச் சொல்ல முடியாது.

பூந்தி வெளியேறியதற்கு மதுரையிலுள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய கூண்டுதான் காரணம். சிரிய ஹாம்ஸ்டருக்குக் கம்பிகளின் இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். அதில் இந்தக் கூண்டைக் குறை சொல்ல முடியாது. குறை அதன் பூச்சில். வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவுமாக இரண்டு பக்கமும் கடல் இருக்கும் எங்கள் ஊரில், சன்னல் கொண்டியே இரண்டு ஆண்டில் பொரிந்து உதிர்ந்துவிடும். அந்தக் காற்றில் மெல்லிய வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்த இரும்புக்கம்பி ஓராண்டுக்குள் துருவேறி, கதவின் சிறு ஸ்பிரிங் ஒடிந்தே போயிருந்தது. அது கொக்கியில் மாட்டியிருப்பதுபோல் தோன்றியதை நம்பி நாங்கள் கவனிக்காமல் விட்டோம். துருப்பிடிக்காத எஃகில் கூண்டு கிடைக்குமா என்று கேட்டபோது, கடைக்காரர் இதுவே போதும் என்று சொல்லித்தான் விற்றார். கடலோரத்தில் இருப்பவர்கள் அந்தப் பேச்சை ஏற்க வேண்டாம்.

இந்த இனத்துக்குத் தப்பித்து ஓடுவது பரம்பரை வழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை, 1930ஆம் ஆண்டில் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வளையைத் தோண்டி எடுத்த ஒரே குடும்பத்தின் வழிவந்தவை. ஜெருசலேமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தக் குட்டிகளில் சில, மரத்தளம் போட்ட கூண்டைக் கொறித்துத் தப்பிவிட்டன. மண்ணுக்குள் வளை பறித்து, பகலில் உறங்கி, இருட்டிய பின் தானியம் சேர்க்கும் பிராணி அது. கண்பார்வை குறைவு, மோப்பத்தையும் மீசையையும் நம்பிச் சுவரோரமாகவே நடக்கும். இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பொறியை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

விடிந்து கூண்டு காலியாகக் கிடந்ததைப் பார்த்தவுடன் பொறியை எடுத்துக்கொண்டு ஓடாமல், வீட்டை அடைக்கத் தொடங்கினோம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள்) என் கணவர் விசைப்படகுக்குப் போகாமல் வீட்டில் இருந்தது பெரிய உதவி. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள், பின்கட்டு அறை என ஐந்து இடங்களின் கதவுகளையும் சாத்தி, அடிச்சந்துகளில் பழைய கைலிகளைச் சுருட்டித் திணித்தோம். குளியலறையில் தண்ணீர் போகும் துளைக்குக் கம்பிவலை வைத்தோம். சமையலறைப் பரணுக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் என் மாமியார் எப்போதோ வைத்திருந்த எலி மருந்துக் கட்டிகளை முதல் வேலையாகப் பொறுக்கி எடுத்தோம். ரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாட்களில் கொல்லும் வகை மருந்து அது; தின்ற அன்று பிராணி நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும் என்பதால், வைத்த இடங்கள் எல்லாவற்றையும் நினைவுபடுத்திச் சொல்லும்வரை நாங்கள் அவரை விடவில்லை.

கச்சான் காற்று வீசத் தொடங்கும் நாட்களில் கதவுகளை அடைத்துவிட்டுப் படுப்பது என்பது எங்கள் ஊரில் யாரும் மனமொப்பிச் செய்யும் காரியமல்ல. ஆனால் திறந்த கதவு வழியாக ஹாம்ஸ்டர் வெளியே போவதைவிட, மீன் வாடைக்குப் பழகிய தெருப்பூனைகள் உள்ளே வருவதுதான் பெரிய அச்சமாக இருந்தது. மூன்று தென்னைகளுக்கு அப்பால் சாரைப்பாம்பு அலைவதையும் பார்த்திருக்கிறோம்.

எந்த அறை என்று அறிய மூன்று வழிகளைக் கையாண்டோம். முதலாவது, ஒவ்வோர் அறையிலும் சுவரோரமாகப் பத்துப் பத்துச் சூரியகாந்தி விதைகளை எண்ணி வைத்தோம். இரண்டாவது, விதைகளைச் சுற்றி அரிசிமாவை மெல்லிதாகத் தூவினோம். கோலமாவில் கலக்கும் கல்மாவு தூசியாகப் பறந்து அதன் மூச்சுக்குள் போகும் என்பதால் அதைத் தவிர்த்தோம்; அரிசிமாவுக்கு எறும்பு வரும், ஆகவே விடியுமுன்னே துடைத்துவிட வேண்டும். மூன்றாவது வழி என் மாமியாருடையது. மொறுமொறுப்பான தாளைத் தரையில் பரப்பி ஓசை கேட்க வேண்டும் என்று நான் படித்துச் சொன்னபோது, அதற்கு எதற்குக் கடைத்தாள் என்று கேட்டுவிட்டு, வேலியில் கிடந்த காவோலையைக் கிழித்துக் கொண்டுவந்து அறைகளின் ஓரங்களில் பரப்பினார். மின்விசிறியை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தால் அதன் மேல் கரப்பான் நடந்தாலும் காதில் விழுகிறது.

மறுநாள் காலையில் நான்கு அறைகளில் விதை அப்படியே இருந்தது. பின்கட்டு அறையில் பத்து விதைகளும் இல்லை. உடைத்த தோல் ஒன்றுகூடக் கிடக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுண்டெலிகள் உட்கார்ந்த இடத்திலேயே கொறித்துத் தோலைப் போட்டுவிட்டுப் போகும். கன்னப்பையில் அடக்கி முழுதாகக் கொண்டுபோகும் வேலை ஹாம்ஸ்டருடையது. மாவில் பதிந்த தடமும் அதையே சொன்னது: சிறு விரல்களின் அச்சு இருந்தது, ஆனால் சுண்டெலியின் தடத்தில் பெரும்பாலும் தெரியும் வால் இழுபட்ட கோடு இல்லை. ஹாம்ஸ்டருக்கு வால் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் அடுப்புக்கு அருகிலும் தேடச் சொல்கின்றன, ஏனெனில் குளிர்நாட்டில் தப்பிய பிராணி வெதுவெதுப்பைத் தேடிப் போகும். 18 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பமே அதற்கு ஏற்றது. 30 டிகிரியைத் தாண்டினால் வாடத் தொடங்கிவிடும். மண்டபத்தில் மே மாதத்து நள்ளிரவிலும் வியர்த்துக் கொட்டும் என்பதால், இங்கே தப்பிய பிராணி தேடுவது குளிர்ச்சியை. அம்மிக்கல்லின் அடி, குளியலறைத் தரை, குடிநீர்ப் பானை என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தபோது, பின்கட்டு அறையில் மண்பானையைத் தாங்கும் ஈரமணல் மேடையின் பின்பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. வளை தோண்டும் பிராணிக்கு எங்கள் வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லைதான். கையை விட்டுத் தோண்டியிருக்கலாம். பானை சரிந்து மணல் மேலே விழுந்து மூடிவிடும் என்று பயந்து விட்டுவிட்டோம். அதன் பிறகே பொறி அங்கே போனது.

முதல் இரவு அட்டையில் சொன்னபடி செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாலாடைக்கட்டி அல்லது வேர்க்கடலை வெண்ணெய் தடவச் சொல்கிறது அட்டை. பிசுபிசுப்பான தீனி ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்து, பூந்தியின் கூண்டில் கிடந்த மரத்தூளில் ஒரு பிடியும், ஐந்து சூரியகாந்தி விதைகளும், தண்ணீருக்கு ஈடாக ஒரு வெள்ளரித் துண்டும் வைத்தோம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி, வாய் துளையைப் பார்க்குமாறு வைத்தோம். இரவு பத்தரை மணிக்குக் கதவு விழும் ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே மூஞ்சூறு. பின்வாசல் கதவின் அடியிலிருந்த கைலி சற்று விலகியிருந்தது. அந்த வழியாகக் கருவாட்டு வாடைக்கு வந்து, எதிரே இருந்த பெட்டிக்குள்ளும் நுழைந்திருக்கிறது. அதை வேலிக்கு அப்பால் விட்டுவிட்டோம், ஆனால் அதன் நாற்றத்தைப் பெட்டியிலிருந்து விட முடியவில்லை. இந்தப் பிளாஸ்டிக் வாடையை உறிஞ்சிக்கொள்கிறது. சோப்புத்தூள், வினிகர், வெயில் என்று மூன்றும் பட்ட பிறகும் மறுநாள் மாலை மூக்கருகே வைத்தால் லேசாகத் தெரிந்தது. இரண்டு பெட்டிகளாக விற்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது, இரண்டாவதை எடுத்தோம்.

இரண்டாம் இரவில் நடந்ததுதான் இந்தப் பொருளைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான குறை. விடியற்காலை கதவு இறங்கியிருந்தது, விதைகள் இல்லை, வெள்ளரியில் பல் பதிந்திருந்தது, பெட்டி காலி. கதவு முழுதாக இறங்காமல், ஒரு நெல் அளவு சந்து விட்டு நின்றிருந்தது. பள்ளத்தைத் தடவிப் பார்த்தால் நாலைந்து மணல் துகள்கள். பானை மேடையிலிருந்து வந்த பூந்தியே தன் கால்களில் மணலைக் கொண்டுவந்து தட்டிவிட்டிருக்கிறாள். கதவு பள்ளத்தில் அமர்ந்தால்தான் பூட்டிக்கொள்ளும். அமராவிட்டால் மூக்கை நுழைத்து நெம்பிவிடலாம், 128 கிராம் பிராணிக்கு அதற்கான வலிமை தாராளமாக உண்டு. முன்னங்கால் நகம் ஒன்று கதவோரத்தில் ஒடிந்து கிடந்ததை என் மகள்தான் கண்டெடுத்தாள். அன்று முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை. ஊர் முழுக்க மணலாக இருக்கும் இடத்தில் திறந்த பள்ளம் வைத்த கதவு சரிவராது. பெட்டியைச் செய்தவர்கள் அந்தப் பள்ளத்துக்கு அடியில் இரண்டு துளைகள் விட்டிருந்தால் மணல் தானாகவே கீழே விழுந்திருக்கும்.

அன்று பகலில் ஆளுக்கொரு யோசனை வந்தது. தெருமுனை மளிகைக் கடையில் விற்கும் பசை அட்டையை வாங்கி வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். முடிந்துதான் போகும். ஒட்டிக்கொண்ட பிராணி இழுத்து இழுத்துத் தோலைப் பிய்த்துக்கொள்ளும், மூக்கு ஒட்டினால் மூச்சு முட்டும். தெரியாமல் யார் வீட்டிலாவது இப்படி நடந்துவிட்டால் பிடுங்க வேண்டாம். சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பசையை இளக்கி, மெதுவாகத்தான் விடுவிக்க வேண்டும். செலவே இல்லாத இன்னொரு வழியும் உண்டு: ஓர் ஆழமான வாளிக்குள் துணியையும் விதையையும் போட்டு, வாளியின் விளிம்புவரை புத்தகங்களைப் படிபோல் அடுக்கி, படிதோறும் ஒரு விதை வைத்தால், ஏறி வரும் ஹாம்ஸ்டர் உள்ளே இறங்கிவிட்டு ஏற முடியாமல் நிற்கும். மூன்றாம் இரவு அதையும் பொறிக்குப் பக்கத்திலேயே வைத்தோம், எனவே நேர்மையான போட்டிதான் நடந்தது.

மூன்றாம் இரவு பழைய பல்துலக்கியால் பள்ளத்தைத் துடைத்தோம். துளைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்குத் துண்டை விரித்தோம், கால் மணல் அதிலேயே உதிரட்டும் என்று. கணவரின் யோசனைப்படி கதவின் தலையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை நாடாவால் ஒட்டினோம். கதவு சற்று வேகமாக, ஆனால் அடிபடாத அளவுக்கு, விழுந்தது. இரவு 2.40 மணிக்குக் காவோலை சரசரத்தது; அதைத் தொடர்ந்து சத்தமில்லை; பிறகு டக்கென்று ஒரே ஓசை. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது பூந்தி கன்னம் இரண்டும் புடைக்க, எங்களைப் பொருட்படுத்தாமல் ஐந்தாவது விதையை அடக்கிக்கொண்டிருந்தாள். வாளிப் பக்கம் ஒரு விதைகூடக் குறையவில்லை. ஆகவே ஓர் இரவின் போட்டியில் வாளியைவிடப் பொறிக்கே என் வாக்கு, என்றாலும் வாளி இலவசம் என்பதை மறக்க முடியாது.

அட்டை செய்யும் மன்னிக்க முடியாத தவறு ஒன்று இருக்கிறது. பொறியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டியில் காற்றுத் துளைகள் எட்டுதான், எட்டும் ஒரே பக்கத்தில். பூந்தியை வெளியே எடுக்க எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள்ளேயே உட்பக்கம் ஆவி படிந்து மங்கிவிட்டது. எங்கள் ஊர் இரவின் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் உள்ளே கிடந்தால் ஹாம்ஸ்டர் பிழைக்காது. எலிக்கும் அதே கதிதான், பிறகு உயிரோடு பிடிக்கும் பொறி என்ற பெயருக்குப் பொருள் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்க முடியாதவர்கள் இதை இரவில் வைக்கவே வேண்டாம். சூடான கம்பியால் மறுபக்கத்திலும் மூடியிலும் நாங்கள் பத்துத் துளைகள் போட்டுக்கொண்டோம். பிளாஸ்டிக் விரிசல் விடவில்லை என்பதைத் தரத்துக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

மூடியைக் கழற்றி வெளியே எடுப்பதும் எளிது. கையால் பிடிக்காமல், பெட்டியைக் கூண்டுக்குள்ளேயே வைத்து மூடியைத் திறந்துவிட்டால் தானே இறங்கிப் போய்விடும். பயந்த ஹாம்ஸ்டர் கடிக்கும், அந்தக் கடி ஆழமானது. ஒடிந்த நகத்தின் இடம் காய்ந்திருந்தது. தண்ணீர்க் குப்பியைத் தேடிப் போய் வெகுநேரம் குடித்துவிட்டு, கன்னப்பையில் இருந்ததை மூலையில் கொட்டிப் புதைத்துவிட்டு உறங்கப் போனாள். மறுநாள் பானையை இறக்கி மணலைக் கிளறியபோது உள்ளே பதினேழு சூரியகாந்தி விதைகளும், நாங்கள் வைத்தே இராத ஒரு வேர்க்கடலையும், வலையிலிருந்து கடித்தெடுத்த நீலநிற நைலான் நூலால் செய்த சிறு மெத்தையும் இருந்தன. வலையைக் கடித்தவை எல்லாம் சுண்டெலிகள்தாமா என்று என் கணவர் இப்போது கேட்கிறார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். காயப்படுத்தாத கதவுக்கும், குறைந்த எடைக்கே அசையும் மிதிபலகைக்கும், விலைக்கும் அந்த மூன்று; மணல் அடைக்கும் பள்ளத்துக்கு ஒன்றும், காற்றுத் துளைக்கும் பன்னிரண்டு மணி நேர அறிவுரைக்குமாக ஒன்றும் குறைத்தேன். ஒரே பெட்டியாகக் கிடைத்தாலும் இரண்டாகவே வாங்குங்கள். மதுரைக் கூண்டின் கதவை வலைப் பின்னும் நூலால் இரட்டை முடிச்சிட்டுக் கட்டியிருக்கிறோம், எஃகுக் கூண்டு வரும்வரை அப்படித்தான். மூஞ்சூறு விழுந்த பெட்டி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. பசை அட்டைக்குப் பதிலாக அதை வைத்ததில் இதுவரை நான்கு சுண்டெலிகள் விழுந்திருக்கின்றன, நான்கையும் அவர் ரயில் பாதைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.